குழந்தைக்கான ஜீவனாம்சப் பாக்கி: தவணை பேசி முடிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

குழந்தைக்கு மாதம் 8,000 ரூபாய் என்று குடும்ப நல நீதிமன்றம் உத்தரவு போடுகிறது. கேட்டவுடன் ‘சரி, சமாளித்துக்கொள்ளலாம்’ என்றுதான் தோன்றும். உத்தரவின் கடைசிப் பக்கத்தில் ‘மனுத் தாக்கல் செய்த தேதியிலிருந்து’ என்று ஒரு வரி இருக்கும். வழக்கு மூன்று வருஷம் இழுத்திருந்தால் அந்த ஒரு வரியின் விலை 2,88,000 ரூபாய். ஒரு மாதம்கூடத் தவறாதவருக்கும் தீர்ப்பு நாளிலேயே பாக்கி விழுவது இப்படித்தான். ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் ஜீவனாம்சத்தை மனு தேதியிலிருந்தே கணக்கிட வேண்டும் என்று சொல்லிவிட்டதால், இந்த வரிக்குத் தயாராக இருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்வளவு பெரிய தொகையைப் பார்த்ததும் பலர் செய்வது, வாய்தாவுக்குப் போகாமல் இருப்பது. அதைவிட மோசமான முடிவு கிடையாது. தவணைக்கு வழி இருக்கிறது, நீதிமன்றங்களும் அதை ஏற்கின்றன. ஆனால் எப்படிக் கேட்கிறோம், எதை எழுதிக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தமிழ்நாட்டு நீதிமன்ற நடைமுறையை வைத்து, பணம் கட்ட வேண்டிய அப்பாவை மனதில் கொண்டு இதை எழுதுகிறேன். பணம் வர வேண்டிய அம்மாவுக்கான விஷயங்களையும் அங்கங்கே சொல்கிறேன். இதைப் படித்துவிட்டு வக்கீலிடம் போனால் பாதி நேரம் மிச்சமாகும்.

சட்டம் எங்கே பிடிக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஜீவனாம்சம் பற்றிய பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவாகிவிட்டது. வக்கீல்கள் இன்னமும் ‘ஒன் ட்வென்டி ஃபைவ்’ என்றுதான் சொல்வார்கள், குழம்ப வேண்டாம். போதுமான காரணம் இல்லாமல் கட்டத் தவறினால் அபராதத்தை வசூலிக்கும் முறையில் வசூல் வாரண்ட் போடலாம். அதற்குப் பிறகும் நிற்கும் தொகைக்கு ஒரு மாதம் வரை, அல்லது அதற்குள் பணம் கட்டும் வரை, சிறையில் வைக்கலாம்.

‘உள்ளே போய்விட்டு வந்தால் கணக்குத் தீர்ந்தது’ என்று நீதிமன்ற வாசல் டீக்கடையில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். சிறை என்பது பணத்தைக் கட்டவைக்கும் வழி, பணத்துக்கு ஈடு கிடையாது என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. சிறைக்குப் போய் வந்தபின் வேலையும் போயிருக்கும், பாக்கி மட்டும் அப்படியே நிற்கும்.

இன்னொரு தவறான நம்பிக்கை ஒரு வருஷக் கெடு பற்றியது. ஒரு மாதத் தொகை பாக்கியான தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் மனு போட்டால்தான் அதற்கு வாரண்ட் கேட்க முடியும் என்பது உண்மை. அதனால் ‘இழுத்தடித்தால் பழைய பாக்கி செத்துவிடும்’ என்று நினைக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2013-ல் உச்ச நீதிமன்றம் இதற்கும் பதில் சொல்லிவிட்டது: அந்தக் கெடு வாரண்ட் என்ற குறுக்கு வழிக்குத்தான், பணத்துக்கான உரிமை அப்படியே இருக்கிறது, சிவில் வழியில் வசூலிக்கலாம்.

அம்மாக்கள் இதே கெடுவை மறுபக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். சமரசப் பேச்சு நடக்கிறது என்பதற்காக நிறைவேற்று மனுவை, அதாவது பாக்கியை வசூலித்துத் தரக் கேட்கும் மனுவை, தள்ளிப் போடாதீர்கள். மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள். பேச்சு முறிந்தால் மாதங்கள் வீணாகியிருக்காது.

சம்பளத்தைப் பிடித்தமும் செய்யலாம். சாதாரணக் கடன் தீர்ப்பு என்றால் சம்பளத்தின் பெரும்பகுதிக்குப் பாதுகாப்பு உண்டு. ஜீவனாம்சத் தீர்ப்பு என்றால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு காப்பாற்றுவது மூன்றில் ஒரு பங்கை மட்டும்தான். குடும்ப வன்முறைச் சட்டப்படி வந்த உத்தரவு என்றால், முதலாளியே நேரடியாகக் கட்டும்படி மாஜிஸ்ட்ரேட் சொல்ல முடியும். ஆபீஸுக்கு அந்தத் தபால் போவதற்கு முன்னால் நீங்களே ஒரு திட்டத்தோடு போவது எல்லா வகையிலும் நல்லது.

பாக்கிக் கணக்கைத் தாளில் போடுங்கள்

பேச்சுவார்த்தை உடைவதற்கு முதல் காரணம், இரண்டு தரப்பிலும் வெவ்வேறு எண் இருப்பது. அப்பா ‘ஒன்றரை லட்சம்தானே’ என்பார், அம்மா ‘மூன்று லட்சம்’ என்பார். இரண்டுமே வாய்க்கணக்கு.

உத்தரவின் சான்றிட்ட நகலை எடுங்கள். அதில் நாலு விஷயத்தைப் பாருங்கள்: எந்தத் தேதியிலிருந்து, மனைவிக்கு எவ்வளவு, குழந்தைக்கு எவ்வளவு, வழக்கு நடக்கும்போதே கட்டிய இடைக்கால ஜீவனாம்சத்தைக் கழிக்கச் சொல்லியிருக்கிறதா. பிறகு மாதவாரியாக ஒரு அட்டவணை போடுங்கள். மாதம், கட்ட வேண்டியது, கட்டியது, எப்படிக் கட்டியது, மீதி என்று ஐந்து பத்தி போதும். பேங்க் ஸ்டேட்மென்டை பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புங்கள்.

இங்கேதான் சண்டை வரும். ‘ஸ்கூல் ஃபீஸ் நான்தான் கட்டினேன், பிறந்த நாளுக்கு டேப்லெட் வாங்கிக் கொடுத்தேன், பொங்கலுக்குக் கையில் பத்தாயிரம் கொடுத்தேன்.’ உத்தரவில் ஃபீஸைக் கழித்துக்கொள்ளலாம் என்று இல்லாவிட்டால் அது கழியும் என்று எதிர்பார்க்காதீர்கள். டேப்லெட்டை விட்டுவிடுங்கள். கையில் கொடுத்ததற்கு ரசீதோ ஒப்புக்கொண்ட மெசேஜோ இருந்தால் தனிப் பட்டியலாக எழுதி, அந்தத் தரப்பு ஒத்துக்கொண்டால் கழிக்கலாம். இதற்காக வாய்தா வாய்தாவாகச் சண்டை போடுவது வக்கீல் ஃபீஸுக்கே கட்டுப்படியாகாது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மனு 2022 ஜூனில், உத்தரவு 2025 மார்ச்சில். இரண்டு மாதங்களையும் சேர்த்து 34 மாதம். குழந்தைக்கு மாதம் 8,000 என்றால் 2,72,000. நடுவில் இடைக்காலமாக மாதம் 3,000 வீதம் 20 மாதம் கட்டியது 60,000. மீதி 2,12,000. இந்த எண்தான் பேச்சின் ஆரம்பம்.

எவ்வளவு முடியும் என்று உண்மையாகக் கணக்கிடுங்கள்

நம் உதாரண அப்பாவுக்குக் கையில் வரும் சம்பளம் 38,000. வாடகை 8,000, சாப்பாடு, பஸ், போன் எல்லாம் சேர்த்து 8,000, தன் வயதான அம்மாவுக்கு மாத்திரை 2,000, பர்சனல் லோன் 5,500. மொத்தம் 23,500. நடப்பு ஜீவனாம்சம் 8,000. ஆக 31,500 போக மிஞ்சுவது 6,500.

நடப்பு மாதத் தொகையை நான் முதலில் கழித்ததைக் கவனியுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொள்வதானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். பாக்கிக்குத் தவணை கட்டுகிறேன் என்று நடப்பை விட்டால், முன்பக்கம் அடைத்த பள்ளம் பின்பக்கம் தோன்றிக்கொண்டே வரும். ஜட்ஜ் முதலில் கேட்பதும் ‘இந்த மாதம் கட்டியாகிவிட்டதா?’ என்பதுதான். வக்கீலை வைத்து என்ன வாதம் வைத்தாலும், பேச ஆரம்பித்த மாதத்திலிருந்து நடப்புத் தொகை தேதி தவறாமல் போயிருக்கிறது என்ற பேங்க் என்ட்ரிக்கு இருக்கும் பலம் வேறெதற்கும் கிடையாது.

மிஞ்சிய 6,500-ஐயும் அப்படியே எழுதிக் கொடுக்காதீர்கள். ஒரு டெங்குக் காய்ச்சல் வந்தால், ஒரு மாதம் ஓவர்டைம் இல்லாவிட்டால் மூன்றாவது தவணையிலேயே தவறிவிடும். ஒத்துக்கொண்டு தவறியவருக்கு இரண்டாவது முறை தவணை கிடைப்பது மிகவும் கஷ்டம். 5,000 என்று சொல்லுங்கள்.

ஆனால் 5,000 வீதம் 2,12,000-ஐ அடைக்க மூன்றரை வருஷம் ஆகும். அந்தத் தரப்பு ஏற்காது, நான் அவர்கள் இடத்தில் இருந்தாலும் ஏற்க மாட்டேன். அதனால் முன்பணம் வேண்டும். ஃபிக்சட் டெபாசிட், பைக், எடுக்கப்போகும் சீட்டு, எல்.ஐ.சி. பாலிசி மேல் கடன் என்று எதிலிருந்து புரட்ட முடியும் என்று பாருங்கள். கந்துவட்டிக்கு மட்டும் போகாதீர்கள். ஜீவனாம்ச உத்தரவில் வட்டி ஓடுவது வழக்கமில்லை, வட்டியில்லாத பாக்கியை அடைக்க மீட்டர் வட்டி வாங்குவது என்ன கணக்கு? நம் உதாரணத்தில் 62,000 முன்பணம் என்று வையுங்கள். மீதி 1,50,000. மாதம் 5,000 வீதம் 24 மாதம் 1,20,000. இரண்டு தீபாவளி போனஸிலிருந்து 15,000 வீதம் 30,000. இரண்டு வருஷத்தில் முடிந்தது.

பேங்க் லோன் இருப்பதைக் காரணமாகச் சொல்லலாமா? சொல்லலாம், ஆனால் அதற்குக் கீழே ஜீவனாம்சத்தை வைத்துப் பேசக் கூடாது. ஜீவனாம்சம் நிதிக் கடன்காரர்களின் உரிமைக்கும் முந்தையது என்று 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. லோன் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி பேங்கைக் கேட்டேன் என்று காட்டினால் அது எடுபடும்.

ஆவணங்கள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஆறு மாத சம்பளச் சீட்டு, ஒரு வருஷ பேங்க் ஸ்டேட்மென்ட், வாடகை ஒப்பந்தம், லோன் விவரம். வழக்கில் முன்பு தாக்கல் செய்த சொத்து, கடன் பிரமாணப் பத்திரம் ஒன்று இருக்கும். அதில் சொன்னதும் இப்போது சொல்வதும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அதில் சம்பளம் 25,000 என்று எழுதிவிட்டு இப்போது 38,000-க்குச் சீட்டைக் காட்டினால், தவணை பேச வந்த இடத்தில் பொய்ப் பிரமாணம் பற்றிப் பேச வேண்டிவரும். முரண்பாடு இருந்தால் வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வேலை போய்விட்டது, அல்லது வருமானம் நிரந்தரமாகக் குறைந்துவிட்டது என்றால் அது தனி விஷயம். தொகையைக் குறைக்கக் கேட்க சுரக்ஷா சன்ஹிதாவின் 146-ஆம் பிரிவில் தனி மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் அது 127. நீதிமன்றம் மாற்றும் வரை பழைய தொகைதான் ஓடும். நீங்களாகவே 8,000-ஐ 5,000 ஆக்கிக்கொண்டால் மாதம் 3,000 பாக்கி ஏறிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான்.

யாரிடம், எப்படிப் பேசுவது

பாதுகாப்பு உத்தரவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தில் தொடர்புகொள்ளக் கூடாது என்று உத்தரவு இருந்தால், நல்ல எண்ணத்தோடு அனுப்பிய வாட்ஸ்அப்கூட உத்தரவு மீறல். வக்கீல் மூலம் மட்டுமே பேசுங்கள். அம்மா தரப்புக்கும் ஒன்று: நேரில் உட்காரப் பயமாக இருந்தால் தனித்தனி அறையில் வைத்துப் பேசும்படி, நடுவில் இருந்து பேச்சை நடத்தும் சமரசரிடம் கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நம் ஊரில் இது பெரும்பாலும் மாமா, சித்தப்பா, ஊர்ப் பெரியவர் என்று ஆரம்பிக்கும். அவர்கள் வந்து கோபத்தைத் தணிப்பது நல்லதுதான். எண்ணை மட்டும் அவர்களிடம் விடாதீர்கள். ‘மாப்பிள்ளை ஒரு லட்சம் தரட்டும், கேஸை வாபஸ் வாங்கிக்கம்மா’ என்று வட்டமாகப் பேசி முடித்துவிடுவார்கள். அந்த ஒரு லட்சத்தில் குழந்தையின் பணம் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். எழுத்தில் வராத அந்த ஒப்பந்தம் அடுத்த மனஸ்தாபத்தில் இரு தரப்புக்கும் உதவாது.

சரியான இடம் சமரச மையம். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சமரச மையத்தின் கிளைகள் மாவட்ட நீதிமன்றங்களிலும் உண்டு. நிறைவேற்று மனு வாய்தாவுக்கு வரும்போது ‘தவணைத் திட்டத்தோடு வந்திருக்கிறோம், சமரசத்துக்கு அனுப்புங்கள்’ என்று கேட்கலாம். அங்கே பேசுவது ரகசியம். பேச்சு முறிந்தாலும் ‘சமரசத்தில் இவ்வளவு தருவதாகச் சொன்னார்’ என்று நீதிமன்றத்தில் எடுத்துப் போட முடியாது. சமரசர் தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு எதுவும் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைக்கும். நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும்; 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம்.

முன்மொழிவை எழுத்தில் கொடுங்கள். அழுகை, பழைய கதை, ‘உங்கள் கட்சிக்காரர் செய்த கொடுமை’ எதுவும் வேண்டாம். எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் போகும் கடிதம் இப்படி இருந்தால் போதும்:

“மேற்படி எம்.சி. (ஜீவனாம்ச) வழக்கின் உத்தரவுப்படி இன்றுவரை பாக்கி ரூ. 2,12,000 என்று எங்கள் கணக்கில் வருகிறது. கணக்குத்தாள் இணைத்துள்ளோம், வேறுபாடு இருந்தால் தெரிவிக்கவும், இரு தரப்பும் சரிபார்த்துத் திருத்திக்கொள்ளலாம். நடப்பு ஜீவனாம்சம் ரூ. 8,000 ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் தனியாகச் செலுத்தப்படும். பாக்கியில் ரூ. 62,000 அடுத்த வாய்தாவுக்கு முன் செலுத்தப்படும். மீதி ரூ. 1,50,000-ஐ மாதம் ரூ. 5,000 வீதம் 24 தவணைகளிலும், இரண்டு தீபாவளிக்கு முன்பாக ரூ. 15,000 வீதமும் செலுத்தி முடிக்க என் கட்சிக்காரர் சம்மதிக்கிறார். சம்பளச் சீட்டுகளும் பேங்க் ஸ்டேட்மென்டும் இணைக்கப்பட்டுள்ளன. குழந்தையைப் பார்ப்பது சம்பந்தமாக இந்தக் கடிதத்தில் எந்த நிபந்தனையும் இல்லை.”

கடைசி வாக்கியத்தைத் தெரிந்தே வைத்திருக்கிறேன். ‘பிள்ளையைக் காட்டினால் பணம்’ என்றும் ‘பணம் வந்தால் பிள்ளை’ என்றும் இரண்டு பக்கமும் கயிறு இழுப்பதில்தான் முக்கால்வாசிப் பேச்சு கெடுகிறது. குழந்தையைப் பார்க்கும் உரிமைக்குத் தனி மனு உண்டு. பார்க்க விடாதது பணம் கட்டாததற்குக் காரணமாகாது. பணம் கட்டாதது பார்க்க விடாததற்குக் காரணமாகாது.

அவர்கள் திருப்பிக் கேட்பது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: முன்பணத்தைக் கூட்டு, காலத்தைக் குறை, ஜாமீன் மாதிரி ஏதாவது கொடு. முன்பணத்தில் கொஞ்சம் நெகிழலாம். மாதத் தவணையில் நெகிழாதீர்கள், உங்கள் கணக்கு அங்கேதான் உடையும். உறுதிக்குப் பின் தேதியிட்ட காசோலைகளைக் கேட்டால் யோசித்துக் கொடுங்கள். ஒன்று திரும்பினால் காசோலை மோசடி வழக்கு தனியாக வரும். அதற்குப் பதில் சம்பளக் கணக்கிலிருந்து தானாகவே போகும்படி பேங்கில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்து அதன் நகலைத் தாக்கல் செய்யலாம்.

தள்ளுபடி கேட்கலாமா? மனைவியின் பங்கில் அவர் விருப்பப்பட்டு விட்டுக்கொடுக்கலாம். குழந்தையின் பங்கு குழந்தையுடையது. அதை அம்மா தன்னிஷ்டத்துக்கு எழுதிக் கொடுக்க முடியாது. மைனர் சார்பில் செய்யும் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். ‘ஒரே தொகையாக வாங்கிக்கொண்டேன், இனி குழந்தைக்கு எதுவும் கேட்க மாட்டேன்’ என்று எழுதி வாங்கும் பத்திரம் பின்னால் நிற்காது. அதை நம்பிப் பணம் கொடுப்பவருக்கும் நஷ்டம்தான்.

நீதிமன்றப் பதிவில் ஏற்றுங்கள்

ஒத்துப்போனதும் ஒப்பந்த விவரங்களைக் கூட்டு மெமோவாக எழுதி இரண்டு தரப்பும் வக்கீல்களும் கையெழுத்திட்டுத் தாக்கல் செய்ய வேண்டும். ஸ்டாம்ப் பேப்பரில் நோட்டரி வைத்து வீட்டில் வைத்திருப்பது போதாது.

மெமோவில் கட்டாயம் இருக்க வேண்டியவை: ஒத்துக்கொண்ட மொத்தப் பாக்கி எந்தத் தேதி வரை, நடப்பும் தவணையும் தனித்தனி என்ற வரி, தேதி, பேங்க் கணக்கு, மூல உத்தரவு அப்படியே அமலில் இருக்கும் என்ற வரி, நிறைவேற்று மனு என்ன ஆகும் என்பது. இந்தக் கடைசி விஷயத்தில் இரு தரப்புக்கும் நலன் எதிரெதிர். அப்பாவுக்கு மனுவை முடித்துவிட்டால் நிம்மதி. அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளக் கூடாது. மனு நிலுவையில் இருக்கட்டும், கட்டியதைப் பதிவு செய்துகொண்டு வாய்தா நீளட்டும், வாரண்ட் மட்டும் நிறுத்திவைக்கப்படட்டும். இது நியாயமான நடுவழி.

தவறினால் என்ன என்பதையும் எழுதுங்கள். ‘தொடர்ந்து இரண்டு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே கட்ட வேண்டியதாகும்’ என்பது வழக்கமான ஷரத்து. அதோடு ‘தவறும் முன் எழுத்தில் தெரிவித்தால் வருஷத்தில் ஒரு தவணையை 30 நாள் தள்ளிக் கட்டலாம்’ என்று ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள். சின்ன வரி, பெரிய உயிர்காப்பு.

மக்கள் நீதிமன்றத்தில் வைத்து முடித்தால் அந்தத் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. முடிவாகிவிட்டது என்ற உறுதி வேண்டுபவர்களுக்கு நல்லது. எண்ணில் சந்தேகம் இருக்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு அது இடமல்ல.

கட்டும் காலத்தில்

நடப்பையும் தவணையையும் சேர்த்து 13,000 என்று ஒரே தடவையாக அனுப்பாதீர்கள். 8,000 ஒன்று, 5,000 ஒன்று, இரண்டாக அனுப்புங்கள். குறிப்பில் ‘2025 ஜூலை நடப்பு’, ‘பாக்கித் தவணை 3’ என்று எழுதுங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கணக்கு பார்க்கும்போது இந்தக் குறிப்புகள்தான் சாட்சி. ரொக்கம் வேண்டவே வேண்டாம். அம்மா பேங்க் கணக்கை மாற்றிவிட்டார், பணம் திரும்பிவிட்டது என்றால் அன்றே வக்கீலுக்குத் தெரிவித்து நீதிமன்றத்தில் செலுத்த அனுமதி கேளுங்கள். ‘கணக்கு வேலை செய்யவில்லை’ என்று நாலு மாதம் சும்மா இருந்தால் அதை யாரும் நம்ப மாட்டார்கள். வளைகுடாவில் வேலை செய்பவர்கள் சம்பளம் தாமதமாகும் மாதங்களை முன்கூட்டியே கணக்கில் வைத்து, தேதியை 5-க்குப் பதில் 12 என்று முதலிலேயே கேட்டு வாங்குவது நல்லது.

ஒரு தவணை கட்ட முடியாது என்று தெரிந்தால், தேதிக்கு முன்னால் சொல்லுங்கள், முடிந்ததைக் கட்டுங்கள். 5,000-க்குப் பதில் 2,000 போனது, மருத்துவமனை பில்லோடு ஒரு கடிதமும் போனது என்றால் ஜட்ஜ் காதுகொடுத்துக் கேட்பார். எதுவும் போகவில்லை, போனும் சுவிட்ச் ஆஃப் என்றால் வாரண்ட்தான்.

கடைசித் தவணை போனதும் வேலை முடிந்ததாக நினைத்துப் பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். பாக்கி முழுவதும் பைசலானது என்று இரு தரப்பு மெமோ தாக்கல் செய்து, நிறைவேற்று மனு முடிக்கப்பட்ட உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். இடையில் எப்போதாவது வாரண்ட் போயிருந்தால் அது திரும்பப் பெறப்பட்ட உத்தரவின் நகலை நீங்களே போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீதிமன்றத்திலிருந்து தபால் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேரும் வரை அவர்கள் ரிஜிஸ்டரில் அந்த வாரண்ட் நிலுவையில்தான் இருக்கும்.